மூன்று முறை நடந்தால்தான் பிழை

என் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஒரு முழ உயரத்துக்கு ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே பச்சை. தொழிற்சாலை இயந்திரங்களின் தலையில் இருப்பது. நான் ஓய்வு பெற்ற நாளில், கழித்துப்போட்ட ஓர் இயந்திரத்திலிருந்து அதைக் கழற்றி, மரக்கட்டையில் பொருத்தி, என் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, பிளக் வைத்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஓய்வு பெறும்போது கைக்கடிகாரம் கொடுப்பது வழக்கம். நேரத்தைவிட நடைமுறையைப் பெரிதாக மதித்தவன் என்பதால் எனக்கு மட்டும் இது. பிளக்கைச் சொருகினால் பச்சை மட்டும் எரியும். ஒயர் இழுத்தவர் மற்ற இரண்டையும் இணைக்கவில்லை. ஓய்வு பெற்றவன் வீட்டில் இனி என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார். அது பதினான்காம் எண் இயந்திரத்தின் விளக்கு என்பது அவர்களில் யாருக்கும் நினைவில்லை. எனக்கு இருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். தீபாவளிக்கு என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த விளக்குக்கு முதுகைக் காட்டியபடி இருக்கும் நாற்காலியைத் தேடி உட்காருவார். அவருக்கும் நினைவிருக்கிறது.

நாங்கள் இருவரும் மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். எங்கோ செய்யப்பட்டு வரும் மின்னணுச் சில்லுகளைச் சோதித்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் அடுக்கி, முத்திரை ஒட்டி அனுப்புவது அங்கே வேலை. நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மேலாளர். தொழிற்சாலையில் யார் எதை எப்போது எந்தக் கையால் தொட வேண்டும் என்பதையெல்லாம் எழுதியவன். கை கழுவுவதற்கே ஏழு படிகள் எழுதினேன். ஆண்டுக்கொரு முறை எல்லா ஊழியர்களையும் உட்கார வைத்து, திரையில் படம் போட்டு வகுப்பும் எடுத்தேன். அந்த வகுப்பில் நான் அழுத்திச் சொல்லும் விதி ஒன்று உண்டு. ஒரு கோளாறுக்கு இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால், அதைச் சாட்சிகள் முன்னிலையில் மூன்று முறை மறுபடியும் நிகழ்த்திக் காட்ட வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் நிகழவில்லை என்றே பதிவாகும். ஒரு முறை நடந்தது தற்செயலாக இருக்கலாம், இரண்டு முறை நடந்தது ஆசையாக இருக்கலாம், மூன்று முறை நடந்தால்தான் பிழை என்பேன். ஊழியர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

மைத்துனர் அங்கே மென்பொருள் பொறியாளர். சோதனை இயந்திரங்களை இயக்கும் நிரல் அவர் எழுதியது. அந்த இயந்திரம் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும். ஒரு பக்கம் சில்லைச் சோதிக்கும், ஒரு பக்கம் கையை நகர்த்தும், ஒரு பக்கம் திரையில் யார் என்ன தொடுகிறார்கள் என்று கவனிக்கும். நிரலுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் இருப்பதுபோல என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். இழை என்பது அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். எல்லா ஆட்களும் ஒரே கரும்பலகையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். இடது தட்டில் நல்லது, வலது தட்டில் கெட்டது என்று அந்தப் பலகையில் எழுதியிருக்கும். ஒருவர் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதற்குள் இன்னொருவர் வந்து வெற்றுப் பலகையைப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு படிவம் தயாரித்திருப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. நல்லவை என்று முத்திரை ஒட்டிப் போன ஒரு தட்டு முழுக்கக் கெட்ட சில்லுகள். முத்திரையில் இயந்திரத்தின் எண் பதினான்கு. தட்டு தொடங்கிய நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, இரவு வேலை முடிந்து பகல் வேலைக்கு ஆள் மாறும் வேளை. ஊழியர் அட்டை எண் திகாம் பத்து அக்காவுடையது. திகாம் பத்து என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவதால் அவருக்கு அந்தப் பெயர். என்னைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும் நான் உட்பட எல்லோருக்கும் அக்கா. பத்தொன்பது ஆண்டு வேலையில் அவர் பெயரில் ஒரு புகாரும் இல்லை. வீட்டில் படுக்கையில் விழுந்த கணவர். அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் அவர் பார்த்ததில்லை. புகார் வந்தால் ஐந்து வாரத்துக்குள் காரணம் எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். வேலை முடியும் அவசரத்தில் ஊழியர் தட்டுகளை மாற்றி வைத்துவிட்டார் என்பது மேலாளர்கள் முதல் நாளே கண்டுபிடித்த காரணம். மிச்சமிருந்த ஐந்து வாரமும் அதற்கு மரியாதை செய்யத்தான்.

உள்விசாரணையில் அக்காவிடம், தட்டை மாற்றி வைத்தீர்களா என்று கேட்டார்கள். “வைக்கலன்னுதான் நெனைக்கிறேன் சார். ஆனா பன்னெண்டு மணி நேரம் நின்ன கண்ணு. இருக்கலாம்” என்றார். நேர்மையானவர்கள் பேசும் விதம் அது. பதிவேட்டில் ‘இருக்கலாம்’ மட்டும் ஏறியது.

மைத்துனர் அந்தப் பதிவைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார். “மாமா, அக்கா மாத்தி வச்சிருந்தா ரெண்டு தட்டும் மாறியிருக்கணும். கெட்ட தட்டுல நல்லது இருந்திருக்கணும். அந்தத் தட்டத் தேடிப் பாத்தீங்களா?” என்றார். கெட்ட தட்டுகளை அன்றே நொறுக்கிவிடுவது என் நடைமுறை. “பத்தொன்பது வருசமா தப்பாத கை அது, இது கை பண்ணின வேலை இல்ல. புரோகிராம் பண்ணின வேலை. என் புரோகிராம்” என்றார். ஒரு மனிதர் தன் மேல் குற்றத்தைச் சுமத்திக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றது என் இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

அதன்பிறகு நான்கு வாரம் அவர் தன் குற்றத்தைத் தேடினார். பல்லாயிரம் வரி நிரலை அச்சடித்து, சுவரில் ஒட்டி, பச்சைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரில் ரொட்டி சானாயை வைத்துக்கொண்டு, தொடாமல் சொன்னார்:

“கண்டுபிடிச்சிட்டேன் மாமா. கக்கூஸ் கதவுக்குத் தாப்பா வைக்க மறந்துட்டேன்.”

“சாப்பிடுற எடத்துல நல்ல பேச்சு.”

“நெசமா. ஒரு இழ பலகைய அழிச்சி எழுதுறப்ப, எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னொன்னு உள்ள வராம ஒரு பூட்டு போடணும். ஒரு எடத்துல போடல. இத்தன வருசமா ரெண்டு பேரு ஒரே நேரத்துல வரல, அதான் மானம் தப்பிச்சது.”

பலகை வெறுமையாக இருக்கும் கணம் மிகச் சிறியது. அந்தக் கணத்தில் படிக்க வரும் இழை, எழுத்து இல்லாததால் பழைய வழக்கப்படி நடந்துகொள்ளும். பழைய வழக்கத்தில் இடது தட்டு கெட்டதற்கு. அந்த வாடிக்கையாளர் மட்டும், வந்து சில மாதங்களே ஆனவர், இடது தட்டு நல்லதற்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆகவே ஒரு தட்டு நிறையும் வரை எல்லாம் தலைகீழாகப் போகும், முத்திரையிலும் வேலை முடித்துப் போனவரின் அட்டை எண்ணே ஏறும். அடுத்த தட்டுக்குப் பலகையை மறுபடி படிக்கும்போது தானாகச் சரியாகிவிடும். சுவடே இருக்காது.

“அப்ப நிரூபிச்சிடு மச்சான். மூனு தடவ” என்றேன்.

அதுதான் முடியவில்லை. எந்த இழை எப்போது எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள, நிரலுக்குள் ஆங்காங்கே குறிப்பு எழுதச் சொல்லும் வரிகளைச் சேர்த்தார். குறிப்பு எழுதும் நேரத்துக்கு அந்த இழை தாமதமானது. தாமதமானதால் மற்ற இழையோடு மோதவில்லை. வரிகளை நீக்கினால் மோதலாம், ஆனால் மோதியது தெரியாது. “நான் பாக்குறேன்னு தெரிஞ்சா அது வர மாட்டேங்குது மாமா” என்றார். தணிக்கை நாளில் தொழிற்சாலையே அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அது சிரிப்புக்காகச் சொன்னது. விடையும் அதுவே என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொரு புதிரும் இருந்தது. பலகையை அழித்து எழுதுவது, ஊழியர் ஒருவர் தன் வேலையை முடித்துத் திரையில் ‘முடிவு’ என்று தொடும்போது. பலகையைப் படிக்க இன்னொரு இழை வருவது, அடுத்த ஊழியர் தன் அட்டையைக் காட்டும்போது. இடையில் பச்சை விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டும் என்று நான் எழுதியிருக்கிறேன். கிட்டத்தட்ட அரை நிமிடம். அரை நிமிட இடைவெளியில் நடக்கும் இரண்டு காரியங்கள் எப்படி ஒரே கணத்தில் மோதும்?

நான்காவது வாரம் அவருடைய கார், எங்கள் பேச்சில் காடி, ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் வந்ததால் ஏழு மணிக்கு முன்பே உள்ளே இருந்தார். யாருக்கும் சொல்லாமல், தண்ணீர் குடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு பதினான்காம் இயந்திரத்தைப் பார்த்தார். அக்கா திரைக்கு முன்னால் நின்றார். பகல் வேலைக்கு வந்த தோழி, பெண்டாங்கிலிருந்து வரும் இளைய பெண், அட்டையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஒன்னு, ரெண்டு, மூனு” என்றார் அக்கா. இவர் திரையைத் தொட, அவர் அட்டையைக் காட்ட, இரண்டும் ஒரே நொடியில் நடந்தன. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அக்கா பஸ்ஸுக்கு ஓடினார்.

‘ஜோடி தட்டுறது’ என்று அதற்குப் பெயராம். அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் பத்து வருடமாகச் செய்துவந்த காரியம். காரணம் நான். இயந்திரம் அரை நிமிடத்துக்கு மேல் யாருடைய பெயரிலும் இல்லாமல் சும்மா நின்றால், வேலை முடித்துப் போகிறவர் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று ஒரு படிவம் வைத்திருந்தேன். இரண்டு பக்கம், கையெழுத்து மூன்று. பச்சை எரியக் காத்திருந்தால் எப்படியும் அரை நிமிடம் தாண்டிவிடும். படிவத்தை எழுதி முடிப்பதற்குள் ஏழு பத்து பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். வீட்டில் கணவரைக் குளிப்பாட்ட வேண்டியவர் அந்த நேரத்தை என் படிவத்துக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அடுத்து வருகிறவர் சற்று முன்னதாக வந்து, எண்ணித் தட்டிவிடுவது. ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி. என் இரண்டு நடைமுறைகள் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில், அந்தப் பெண்கள் தாங்களாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அந்த வழிதான் நிரலில் இருந்த ஒரே ஓட்டையில் போய் முடிந்தது.

மைத்துனர் இதை என்னிடம் சொல்லும்போது, “என் மாமாகிட்ட சொல்றேன். குவாலிட்டி மேனேஜர்கிட்ட சொல்லல” என்று தொடங்கினார். மேலாளரிடம் சொன்னால் நடைமுறை மீறல். முதல் தடவையே வேலை நீக்கம். ஒருவருக்கு அல்ல, ஒரு வரிசைக்கே.

அவர் முதலில் அக்காவிடம் போனார். சாட்சிகள் முன்னால் ஒரே ஒரு தடவை ஜோடி தட்டிக் காட்டினால் போதும் என்று கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். அவர் சொன்னதை மைத்துனர் அப்படியே எனக்குச் சொன்னார். “பெண்டாங் தங்கச்சிக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க தம்பி. அது பேரு இதுல வரவே கூடாது. வந்தா நான் இல்லன்னு சொல்லிருவேன். அதோட, பத்து வருசமா தட்டிக்கிட்டிருக்கோம். ரெண்டு பேரு சேந்து தொட்டா மெசினு கொழம்பிருமா? மனுசனா அது?”

வியாழக்கிழமை சாட்சிகளோடு சோதனை வைத்தோம். தொழிற்சாலை மேலாளர், நான், வாடிக்கையாளரின் ஆள் ஒருவர், மூவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி நின்றோம். அக்கா முடிவைத் தொட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கைப் பார்த்து நின்றார். மஞ்சள் எரிந்தது. வெகுநேரம் எரிந்தது. பச்சை வந்ததும் பெண்டாங் தோழி இரண்டடி முன்னால் வந்து, தலை குனிந்து, அட்டையைக் காட்டினார். என் படத்தில் வரைந்தது போலவே இருந்தது. வாடிக்கையாளரின் ஆள், இவ்வளவு ஒழுங்கை எங்கும் பார்த்ததில்லை என்று என்னைப் பாராட்டினார். மைத்துனர் சுவர் ஓரமாக நின்று தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தடவை செய்தார்கள். ஒரு பிசகும் இல்லை.

சனிக்கிழமை அந்த இயந்திரம் பராமரிப்புக்காக ஓய்வில் இருந்தது. மைத்துனர் தனியாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்து என்னை அனுப்பினாள். மீன் குழம்பும் கீரையும். சாப்பிட வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். “ஒரு கை கொறயுது மாமா. நான் எத்தன கை வச்சுத் தட்டுறது?” என்றார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, என் மேலாளர் அட்டையை எடுத்துக்கொண்டு பெண்டாங் பெண்ணின் இடத்தில் நின்றேன். பயிற்சிக்கு வைத்திருந்த நல்லதும் கெட்டதுமான சில்லுகளை எடுத்து, கெட்டவற்றின் தலையில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தார். “ஒன்னு, ரெண்டு, மூனு” என்று நான்தான் எண்ணினேன். என் வாழ்நாளில் நான் மீறிய முதல் நடைமுறை, என் சொந்த நடைமுறை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பிடித்தும் இருந்தது.

நான்கு மணி வாக்கில் அது வந்தது. இயந்திரத்தின் கை ஒரு சில்லை உறிஞ்சி எடுத்து, இடப்பக்கம் திரும்பி, நல்ல தட்டில் வைத்தது. சில்லின் தலையில் சிவப்புப் புள்ளி. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும். எந்தத் தடுமாற்றமும் இல்லை, எந்த ஓசையும் இல்லை. மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கெட்ட சில்லையும் அவ்வளவு மென்மையாக, அவ்வளவு நேராக நல்ல தட்டில் வைத்துக்கொண்டே போனது அந்தக் கை. மைத்துனர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா மாமா? பாத்தீங்கல்ல?” என்றார். பார்த்தேன் என்றேன். “ஒன்னு” என்றேன்.

பாதுகாவலர் வந்து விளக்கை அணைக்கப் போகிறேன் என்று சொல்லும் வரை தட்டினோம். இரண்டாவது வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அறிக்கைப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். மனைவி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன். “அவன் சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல யாரு கண்ணாடிய ஒடச்சாலும் நான்தான்னு போய் நிப்பான். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்” என்றாள். யாரை, எதிலிருந்து என்று அவள் சொல்லவில்லை. படிவத்தில் ஐந்தாவது கட்டம்: கோளாறு எத்தனை முறை மறுநிகழ்வு செய்யப்பட்டது? மூன்றுக்குக் குறைந்தால் பூச்சியம் என எழுதவும். கீழே சிறிய எழுத்தில் இருந்த அந்தக் குறிப்பும் என்னுடையது. பூச்சியம் என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. விதிப்படி அது பூச்சியம்தான். அடுத்த கட்டம் தானாக வந்தது. நிரலில் காரணம் நிறுவப்படாதபோது, மனிதத் தவறு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மைத்துனர் எழுந்து நின்று, இது தன் தவறு என்றார். தொழிற்சாலை மேலாளர் களைத்துப்போன குரலில், “புரூஃப் அடா?” என்று மலாயில் கேட்டார். ஆதாரம் இருக்கிறதா? இரண்டு செயல்களும் ஒரே கணத்தில் வந்தால் நடக்கும் என்றார் இவர். எப்படி ஒரே கணத்தில் வரும், பச்சை எரியும் வரை ஊழியர்கள் காத்திருக்கிறார்களே என்றார் அவர். என் தணிக்கை அறிக்கைகளை மேசைமேல் எடுத்து வைத்தார். பத்து ஆண்டுகள், ஒவ்வொரு மாதமும், ஒருவர்கூட விதி மீறவில்லை, என் கையெழுத்து. மைத்துனர் என்னைப் பார்த்தார். சனிக்கிழமை என் தோளைப் பிடித்த அதே மனிதர். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் பார்த்தேன் என்பது மட்டும் போதும், பெண்டாங் பெண்ணின் பெயரை இழுக்க வேண்டியதில்லை. என் முன்னால் இருந்த தாளின் ஓரத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்தார். அக்கா தானாகவே விலகிக்கொண்டால் நற்சான்றுக் கடிதம் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தின் மாதிரியும் என்னிடம் இருந்தது.

அடுத்த மாதம் மைத்துனர் நிரலின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். மறந்துபோன பூட்டைப் போட்டிருந்தார். மொத்தம் இரண்டு வரி. மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். ‘சிறு மேம்பாடு’ என்று எழுதச் சொன்னேன். ஒப்புதல் கையெழுத்து போட்டேன். அதன்பிறகு அப்படி ஒரு புகார் வரவில்லை. ஆண்டு இறுதிக் கூட்டத்தில் தொழிற்சாலை மேலாளர் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார். சம்பந்தப்பட்ட ஊழியர் விலகிய நாளில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு வலப்பக்கம் புகார் எதுவும் இல்லை. இதைவிடத் தெளிவான ஆதாரம் உண்டா என்றார். கைதட்டினார்கள். எங்கள் இருவரின் கைகளும் தட்டின என்றுதான் நினைக்கிறேன். மறு வருடம் மைத்துனர் வேலையை விட்டுவிட்டார். இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு சாமான் கிடங்கில் இருக்கிறார். நிரல் எழுதுவதில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், கையில் ஒரு கிளிப்போர்டோடு நிற்கிறார். தீபாவளிக்கு வருவார். டுரியான் பழத்தின் விலை, ரத்தக் கொதிப்பு, நெடுஞ்சாலை நெரிசல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். ஒரு தடவை மட்டும், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “மாமா, அன்னைக்கி ரெண்டாவது தடவ வந்திருந்தா, ரெண்டுன்னு எழுதியிருப்பீங்களா?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் என் மனைவி மூட்டு வலியோடு படுத்திருந்தாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு டோபி கடையில் ஜன்னல் திரைகளைச் சலவைக்குப் போட்டிருந்தாள். துவைத்ததை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆள் அனுப்பினார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பெரிய பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தவர் திகாம் பத்து அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், “சார்! நீங்களா! பசியாறியாச்சா?” என்று முகம் மலர்ந்தார். அந்தக் கடையில் பன்னிரண்டு இயந்திரங்களை அவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறாராம். “மெசினுதான் சார் நமக்கு வாச்சது. ஆனா அங்க பச்சைக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல” என்று சிரித்தார். கணவர் போன வருடம் தவறிவிட்டார். தேநீர் வேண்டாம், சீனி வியாதி இருக்கிறது என்று மறுத்தார். பையை நாற்காலியில் வைக்கத் திரும்பியபோது விளக்கைப் பார்த்தார்.

“சார், இது நம்ப பதினாலோட லைட்டு மாதிரி இருக்கே?”

“அதேதான்.”

பக்கத்தில் போய்க் குனிந்து, பச்சைக் கண்ணாடியின் விளிம்பில் ஒரு கீறலைத் தொட்டார். “இது நான் தொடைக்கிறப்ப வுழுந்தது. பயந்து யார்கிட்டயும் சொல்லல.” பிறகு நிமிர்ந்து, “தம்பி நல்லா இருக்கா சார்? அந்தப் பிள்ளைய மறக்க முடியாது. நான் போன அன்னைக்கி பஸ் வரைக்கும் கூடவே வந்து, அக்கா நீங்க ஒன்னும் பண்ணல, என் புரோகிராம்லதான் தப்புன்னு அழுவாத கொறையா சொல்லுச்சு. எனக்கு மனசு வுட்டுப் போகக் கூடாதுன்னு பழிய அதுவே எடுத்துக்கிச்சு. நானும் ஆமா தம்பின்னுட்டேன்” என்றார்.

“அவரு ஆறுதலுக்குச் சொல்லல அக்கா. நெசத்தத்தான் சொன்னாரு. நீங்க தட்ட மாத்தவே இல்ல. நானே பாத்தேன். ஒரு சனிக்கெழம, என் கண்ணால பாத்தேன்.”

இத்தனை ஆண்டுகளாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ ஒன்று அசைந்தது போல இருந்தது.

“எத்தன தடவ சார் பாத்தீங்க?”

“ஒரு தடவ.”

அசைந்தது நின்றது. அவர் சிரித்தார். கேலி இல்லை, நெடுநாள் பழகியவரிடம் சிரிக்கும் சிரிப்பு. “ஒரு தடவ நடந்தா அது தற்செயல்தானே சார். நீங்கதானே எங்களுக்குக் கிளாஸ் எடுத்தீங்க, வருசா வருசம். மூனு தடவ நடந்தாத்தான்னு. தப்பான பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போடுவீங்களா லா? பரவால்ல சார். நான்தான் மாத்தியிருப்பேன். அதெல்லாம் எப்பவோ மனச தேத்திக்கிட்டேன்.” தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, “நீங்க ரெண்டு பேருமே நல்ல மனுசங்க” என்றார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. உள்ளறையிலிருந்து, யார் வந்தது என்று மனைவி கேட்டாள். டோபி கடையிலிருந்து என்றேன். விளக்கின் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா காட்டிய கீறல் அங்கே இருந்தது. நான்கு ஆண்டுகளாக என் வீட்டில் இருந்தும் நான் பார்த்ததில்லை. பச்சை எரிந்துகொண்டிருந்தது. முந்தைய வேலை சரியாக முடிந்தது, அடுத்தவர் வரலாம் என்று அதற்குப் பொருள். அதை எழுதியவனும் நான்தான்.